வெடிமருந்தும் ஒளித்துடிப்பும்: ஆற்றலுக்கு வழிகாட்டும் கலை

தமிழில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. நோய் தீர்க்க உண்பதும் மருந்து. வெடியினுள் அடைக்கப்படுவதும் மருந்து. வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் இச்சொல்லைச் செவியுறுவோர், பேசுபவர் மருத்துவமனைக்குச் செல்கிறாரா, பட்டாசு ஆலைக்குச் செல்கிறாரா என்பதைக் கொண்டே பொருள் கொள்வர். வியப்பிற்குரிய செய்தி யாதெனில், அரபு மொழியிலும் இதே நிலை ஒருகாலத்தில் இருந்தது என்பதாகும். மம்லூக்கிய ஆட்சிக் காலத்துப் போர்க்கலை நூல்களில், 'மித்ஃபஃ' எனப்படும் குழலில் இடப்படும் வெடிக்கலவை 'தவா' என்றே குறிக்கப்படுகிறது. 'தவா' என்பது நோய்க்கான மருந்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாகும். கி.பி. 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்-ரம்மாஹ், வெடியுப்பை மரச்சாம்பல் கொண்டு தூய்மை செய்யும் முறையையும், வெடிக்கலவைகளின் அளவுகளையும், தீயால் உந்தப்பட்டுப் பறக்கும் கருவிகளையும் தம் நூலில் விவரித்துள்ளார். அவருக்கு முற்பட்ட மூலிகை அறிஞர் இப்னுல் பைதார், வெடியுப்பைச் 'சீனத்துப் பனி' எனச் சுட்டி, மேற்குலக மக்கள் அதனைப் 'பாரூத்' என அழைப்பதையும் பதிவு செய்துள்ளார்.

ஒரே பொருள் எவ்வாறு உயிர் காப்பதாகவும் உயிர் பறிப்பதாகவும் ஆகிறது? இவ்வினா கரிசல் மண்ணின் மக்களுக்கு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் பலர் மாண்டனர். இவ்விரண்டுக்கும் இடையிலும் பின்பும் நிகழ்ந்தவை பல. ஆற்றல் கட்டுமீறினால் யாது நிகழும் என்பதை இவ்வட்டார மக்கள் நூல்களில் படித்தறிய வேண்டியதில்லை.

ஆயினும் அதே மக்கள் மற்றோர் உண்மையையும் கையால் அறிந்தவர்கள். கருமருந்தை எல்லாப் பக்கமும் இறுக்கி அடைத்துத் திரி வைத்தால் அது வெடி. அதே கருமருந்தை ஒரு குழலில் இட்டு, அடியில் சிறு துளை விட்டு, நெடிய குச்சி ஒன்றைக் கட்டினால் அது ராக்கெட். முன்னது இருந்த இடத்திலேயே சிதறுகிறது, பின்னது வானேறுகிறது. வேறுபாடு மருந்தில் இல்லை. மருந்துக்கு அமைத்துக் கொடுத்த வழியில் இருக்கிறது. இக்கால இயற்பியலின் மிக நுட்பமான துறைகளுள் ஒன்றாகிய, வலிமை மிக்க லேசர் துடிப்புகளால் நுண்துகள்களை முடுக்கி நெறிப்படுத்தும் கலை, இந்த உண்மையின் மேல்தான் எழுந்து நிற்கிறது. அக்கலையின் அடிப்படைகளையும், அதில் நம் நாட்டவரின் பங்கையும், அதற்கு முன்னோடியாக அரபு ஒளியியல் ஆற்றிய தொண்டையும் எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துகள் முடுக்கி என்பது யாது?

அணுவினுள் உள்ள எலெக்ட்ரான், புரோட்டான் போன்ற மின்னேற்றமுடைய துகள்களை மின்புலத்தால் தள்ளி, ஒளியின் வேகத்தை நெருங்கச் செய்யும் கருவியே துகள் முடுக்கியாகும். புற்றுநோயாளிகளுக்குக் கதிர் மருத்துவம் செய்யும் மருத்துவமனைகளில் உள்ள 'லீனியர் ஆக்சிலரேட்டர்' என்பதும் இவ்வகைக் கருவியே. ஓர் எலெக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கையில் பெறும் ஆற்றலை 'ஓர் எலெக்ட்ரான் வோல்ட்' என்பர். மருத்துவமனைக் கருவிகள் எலெக்ட்ரான்களுக்குச் சில பத்து இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் முதல் ஏறத்தாழ இரண்டு கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் தருகின்றன. ஆய்வுக் கூடங்களுக்கு இது போதாது.

மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரில், இராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இயங்கும் 'இந்துஸ்-2' என்னும் வட்ட வடிவக் கருவியின் சுற்றளவு 172.5 மீட்டர். அதில் சுழலும் எலெக்ட்ரான்களின் ஆற்றல் 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட். ஜோர்தான் நாட்டில் 2017ஆம் ஆண்டு மே மாதம் திறந்து வைக்கப்பட்ட 'செஸமி' என்னும் கருவியும் இதே ஆற்றலுடையது. அதன் சுற்றளவு 133 மீட்டர். எகிப்து, ஈரான், துருக்கி, பாகிஸ்தான், பலஸ்தீன், சைப்ரஸ், இஸ்ரேல் ஆகிய நாடுகள், தம்முள் எத்துணைப் பகை இருப்பினும், ஜோர்தானுடன் ஓர் அறிவியல் கூரையின்கீழ் உறுப்பு வகிக்கும் அரிய நிறுவனம் அது. ஜெனீவா நகருக்கு அருகே பூமிக்கடியில் அமைந்த பெருமுடுக்கியின் சுற்றளவோ 27 கிலோமீட்டர்.

இக்கருவிகள் ஏன் இத்துணைப் பெரியவையாக இருக்கின்றன? விடை எளியது. உலோகக் குழிகளில் மின்புலத்தை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்தினால் தீப்பொறி பறந்து சுவர் சேதமுறும். ஒரு மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ பத்துக் கோடி வோல்ட் என்பதே நடைமுறை எல்லை; பெரும்பாலான கருவிகள் அதனினும் குறைவாகவே இயங்குகின்றன. மிகுந்த ஆற்றல் வேண்டுமெனில் மிகுந்த நீளம் வேண்டும். மிகுந்த நீளத்திற்கு மிகுந்த பொருட்செலவு வேண்டும். எனவே செல்வ நாடுகளுக்கே இத்துறை உரியதாயிற்று.

உடைந்ததை மீண்டும் உடைக்க இயலாது

இந்த எல்லையைக் கடக்க 1979ஆம் ஆண்டு ஒரு புதிய வழி முன்மொழியப்பட்டது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பணியாற்றிய தோஷிகி தாஜிமா, ஜான் டாசன் ஆகிய இருவர், உலோகச் சுவருக்குப் பதில் பிளாஸ்மாவைப் பயன்படுத்தலாம் என எழுதினர். பிளாஸ்மா என்பது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் வாயு நிலை. மின்னலின் பாதையும் கதிரவனின் உடலும் பிளாஸ்மாவே. அணுக்கள் முன்பே உடைந்து கிடப்பதால், மேலும் உடையுமோ என்னும் அச்சம் அங்கில்லை. ஆகவே உலோகக் கருவியைவிட ஆயிரம் மடங்கு வலிய மின்புலத்தை அது தாங்கும்.

பிளாஸ்மாவில் அம்மின்புலத்தை எழுப்புவது எவ்வாறு? இதற்குக் கடலோர மக்கள் நன்கறிந்த ஒரு காட்சியை உவமையாகக் கூறலாம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் படகு நீரைக் கிழித்துச் செல்கையில், அதன் பின்னே அலைகள் எழுந்து தொடர்வதைக் காணலாம். படகு முன்னேறுகிறது, நீரோ பெரும்பாலும் தன் இடத்திலேயே ஏறி இறங்குகிறது, அலை மட்டும் படகின் வேகத்தில் தொடர்கிறது. அவ்வாறே மிகக் குறுகிய, மிக வலிய லேசர் துடிப்பு ஒன்று பிளாஸ்மாவினுள் பாயும்போது, இலேசான எலெக்ட்ரான்களை அது இருபுறமும் ஒதுக்கித் தள்ளுகிறது. கனத்த அயனிகள் அசைவதில்லை. துடிப்பு கடந்தவுடன், அயனிகளின் ஈர்ப்பால் எலெக்ட்ரான்கள் திரும்பப் பாய்கின்றன, நின்ற இடத்தைக் கடந்து மறுபுறம் செல்கின்றன, மீண்டும் இழுக்கப்படுகின்றன. இவ்வாறு துடிப்பின் பின்னே ஓர் அலை தோன்றி, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் தொடர்கிறது. அந்த அலையினுள் ஒரு மீட்டருக்குப் பத்தாயிரம் கோடி வோல்ட் அளவிலான மின்புலம் நிலவுகிறது.

இனி, கரை திரும்பும் கட்டுமரத்தை நினைவிற் கொள்க. தக்க தருணத்தில் அலையின் முன்சரிவில் ஏறிக்கொண்ட கட்டுமரத்தை அலையே கரைவரை கொண்டு சேர்க்கும். தருணம் தவறினால் அலை அதனை விட்டு நீங்கிவிடும். அலையின் உரிய இடத்தில், உரிய நேரத்தில் ஏறிக்கொள்ளும் எலெக்ட்ரான்களும் அவ்வாறே அதன்மேல் பயணித்து, சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் பெருங்கருவிகளுக்கு இணையான ஆற்றலை எய்துகின்றன.

இக்கருத்துக்குப் பின்புலமான பிளாஸ்மா அறிவில் இந்தியரின் பங்கு சிறியதன்று. ஸ்ரீநகரில் பிறந்து, டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பிரதிமன் கிருஷ்ண கௌ, 1970ஆம் ஆண்டு இதே ஜான் டாசனுடன் இணைந்து, மிக வலிய லேசர் ஒளி பிளாஸ்மாவினுள் எவ்வாறு செல்லும் என்பதை ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர் அவரே. இந்தியாவில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் பணியாற்றும் சந்திரசேகர் ஜோஷி, பிளாஸ்மா அலைகளால் எலெக்ட்ரான்களை முடுக்கும் சோதனைகளின் முன்னோடியாக உலகளவில் மதிக்கப்படுகிறார்.

நேரத்தைச் சுருக்குதல்

தாஜிமாவும் டாசனும் எழுதியபோது, அவர்கள் கேட்ட வலிமையுள்ள லேசர் துடிப்பு உலகில் இல்லை. காரணம், வலிய துடிப்பை மேலும் வலிதாக்க முயன்றால், அதனைப் பெருக்கும் கண்ணாடியே சேதமுற்றது. இத்தடையை 1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூவும் அவருடைய மாணவி டோனா ஸ்ட்ரிக்லாண்டும் நீக்கினர். 2018ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசின் ஒரு பாதி இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அவர்களது முறை மூன்று படிகளை உடையது. முதலில், குறுகிய துடிப்பிலுள்ள நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி, அதனை நேரத்தில் பல்லாயிரம் மடங்கு நீட்டுவர். நீண்டு மெலிந்த அத்துடிப்பினால் கண்ணாடிக்குத் தீங்கில்லை. இரண்டாவதாக, அதனை அச்சமின்றிப் பெருக்குவர். மூன்றாவதாக, நிறங்களை மீண்டும் ஒன்றுசேர்த்துப் பழைய குறுமைக்குச் சுருக்குவர். பட்டாசு ஆலைகளில் ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என வரம்பு விதித்திருப்பதன் தத்துவமும் இதனோடு உறவுடையது. ஆபத்தை ஓரிடத்தில் குவியவிடாது பிரித்து வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுகூட்டுவதே அது.

இதன் விளைவை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு கிராம் கருமருந்தில் அடங்கியுள்ள ஆற்றல் ஏறத்தாழ 3000 ஜூல். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திலுள்ள 'பெல்லா' என்னும் பெரும் லேசரின் ஒரு துடிப்பில் இருப்பதோ சுமார் 40 ஜூல் மட்டுமே. நான்கு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றல் அது. சிறுவர் கையிலுள்ள சிறு வெடியிலும் இதனினும் மிகுதி உண்டு. ஆயினும் அந்த 40 ஜூலும் 40 ஃபெம்டோ வினாடிக்குள் வெளிப்படுகிறது. ஃபெம்டோ வினாடி என்பது ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடி கூறிட்டால் வரும் ஒரு கூறு. ஒரு வினாடியில் மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, 40 ஃபெம்டோ வினாடியில் தலைமுடியின் தடிப்பைக்கூடக் கடப்பதில்லை. அந்தக் கணத்தில் அத்துடிப்பின் திறன் பத்துக் கோடி கோடி வாட். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியா முழுவதற்கும் ஒரே வேளையில் தேவைப்பட்ட உச்ச மின்திறன் ஏறத்தாழ 25,000 கோடி வாட். லேசர் துடிப்பின் திறன் அதனைப்போல் நாலாயிரம் மடங்கு. ஆற்றல் பெருகவில்லை; நேரம் சுருங்கியது. இத்துணை குறுகிய கால அளவைகளைக் கொண்டு வேதிவினைகளை ஆராய்ந்த எகிப்து நாட்டு அறிஞர் அஹ்மத் ஸுவைல் 1999ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றதை வாசகர்கள் நினைவுகூரலாம்.

வழியமைத்தல்

வலிமை கிடைத்தபின் எழுந்த சிக்கல் வழிகாட்டல் பற்றியது. ஒளியைக் குறுகிய புள்ளியில் குவித்தால் அங்கு வலிமை மிகும். ஆனால் அப்புள்ளியைக் கடந்ததும் அது விரிந்துவிடும். குவித்த லேசர் தன் கூர்மையைச் சில மில்லிமீட்டர் தொலைவுக்கே காக்கும். அலையை எழுப்பும் படகே சிதறிப்போனால் கட்டுமரம் எங்ஙனம் கரை சேரும்? எனவே ஒளியை விரியவிடாது நெடுந்தொலைவு இட்டுச் செல்லும் ஒரு வாய்க்கால் தேவையாயிற்று.

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குச் செல்கையில் வளைகிறது என்னும் அறிவே இவ்வாய்க்காலின் அடித்தளம். அதன் வரலாற்றில் பக்தாதுக்கும் பஸராவுக்கும் உரிய இடத்தை இங்குக் கூறாமல் செல்லலாகாது. கி.பி. 984 அளவில் பக்தாதில் எழுதிய இப்னு ஸஹ்ல், எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றிய தம் நூலில் ஒளிவிலகலின் வடிவ விதியைப் பயன்படுத்தியுள்ளார். சிதறிக் கிடந்த அக்கையெழுத்துப் படிகளை ஒன்றுசேர்த்து, 1990ஆம் ஆண்டு உலகறியச் செய்தவர் ருஷ்தி ராஷித் என்னும் ஆய்வாளர். ஹிஜ்ரி 354 (கி.பி. 965) அளவில் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' என்னும் பெருநூலில், ஒளிக்கு வேகம் உண்டு என்றும், அடர்ந்த பொருளில் அது தளர்ந்து செல்கிறது என்றும் கொண்டு விலகலுக்குக் காரணம் கூற முயன்றார். அந்நூலுக்கு உரை வகுத்த கமாலுத்தீன் அல்-ஃபாரிசி, நீர் நிறைந்த கண்ணாடிக் கோளத்தை ஒரு மழைத்துளியாகப் பாவித்து, வானவில் தோன்றும் விதத்தைச் சோதனையால் விளக்கினார்.

கண்ணாடியிலும் நீரிலும் ஒளி அடர்ந்த பக்கம் நோக்கி வளைகிறது. பிளாஸ்மாவிலோ இதற்கு நேர்மாறாக, மெலிந்த பக்கம் நோக்கி வளைகிறது. ஆகவே நடுவில் மெலிந்தும் ஓரங்களில் அடர்ந்தும் உள்ள பிளாஸ்மாக் குழல் ஒன்றை அமைத்தால், விரிய முற்படும் ஒளியை அது இருபுறமிருந்தும் நடுவே திருப்பிவிடும். மேலும், மிக வலிய லேசர் தன் வலிமையாலேயே பிளாஸ்மாவின் தன்மையை மாற்றித் தன்னைத்தானே குவித்துக்கொள்வதும் உண்டு. இத்தன்னியல்புக் குவிதலை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மகேந்திர சிங் சோதா, அஜய் கட்டக், வி.கே. திரிபாதி ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். 1974ஆம் ஆண்டிலேயே அவர்கள் இப்பொருள் பற்றித் தனிநூல் வெளியிட்டனர். முன்னர்க் கூறிய பிரதிமன் கௌ, சோதாவின் மாணவரே ஆவார்.

2004ஆம் ஆண்டு இங்கிலாந்து, பிரான்சு, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் ஆய்வுக்குழுக்கள், ஒரே ஆற்றலைச் சுற்றிக் குவிந்த சீரான எலெக்ட்ரான் கற்றையை லேசர் முறையில் பெற்றதாக ஒரே அறிவியல் இதழின் ஒரே வெளியீட்டில் அறிவித்தன. அதுவரை கிடைத்தவை பல்வேறு வேகங்களில் சிதறும் துகள்களே. வெடி ராக்கெட்டாக மாறிய தருணம் அதுவே எனலாம். அதன்பின் முன்னேற்றம் வாய்க்காலின் நீளத்தைத் தொடர்ந்தது. 2006ஆம் ஆண்டு பெர்க்லி ஆய்வகத்தார், நீலக்கல்லில் அமைத்த நுண்குழாயில் ஹைட்ரஜன் வாயுவை நிரப்பி, அதனூடே மின்சாரம் பாய்ச்சி, நடு மெலிந்த பிளாஸ்மாவை உண்டாக்கினர். 3.3 சென்டிமீட்டர் தொலைவில் எலெக்ட்ரான்கள் 100 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எய்தின. 2014ஆம் ஆண்டு 9 சென்டிமீட்டரில் 420 கோடி. 2019ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி 20 சென்டிமீட்டரில் 780 கோடி. 172 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் சுழலும் எலெக்ட்ரான்களின் ஆற்றலைப்போல் மும்மடங்கு, ஒரு சாண் நீளத்தில் கிட்டியது.

2024ஆம் ஆண்டு இறுதியில் வெளியான அடுத்த முடிவு நம் கருத்துக்கு மிகவும் இயைந்தது. பெர்க்லி ஆய்வகத்தாரும் மேரிலாந்து பல்கலைக்கழகத்தாரும் இணைந்து, நுண்குழாயை விடுத்து, 30 சென்டிமீட்டர் நீளமுள்ள வாயுத் தாரையைக் கையாண்டனர். முதலில் ஒரு லேசர் துடிப்பு வாயுவினூடே சென்று, நடு மெலிந்த வாய்க்காலை வெட்டி வைத்தது. அதனைத் தொடர்ந்து வந்த பெருந்துடிப்பு அவ்வாய்க்காலில் சிதறாது பயணித்து, எலெக்ட்ரான்களை 920 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரை உயர்த்தியது. முன்செல்லும் ஒளி வழியமைக்க, பின்வரும் ஒளி அவ்வழியே பயனளித்தது.

அரபு அகராதி அறிந்தோர்க்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வரும். 'ஹிதாயத்' என்பதனை நேர்வழி காட்டல் என நாம் பொருள் கொள்கிறோம். அதே வேரிலிருந்து பிறந்த 'ஹவாதீ' என்னும் சொல் குதிரைக் கூட்டத்தில் முன்செல்பவற்றையும், உடலில் முந்தி நிற்கும் கழுத்தையும் குறிக்கும். வழிகாட்டி என்பவன் தூரத்தே நின்று கை நீட்டுபவன் அல்லன். தானே முன்சென்று பாதையைத் திறப்பவன் என்பது இச்சொல்லின் உட்பொருள்.

நம் நாட்டில் இன்று

இந்தூர் மையத்தில் 150 டெராவாட் திறனுள்ள லேசரும், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 100 டெராவாட் லேசரும் இத்துறை ஆய்வுக்குப் பயன்படுகின்றன. ஆயினும் பெரும்பொருள் செலவிட இயலாத நாடுகளுக்கு நம்பிக்கை தரும் செய்தி ஹைதராபாத்திலிருந்து வந்துள்ளது. அங்குள்ள டாட்டா நிறுவனக் கிளையின் ஆய்வாளர்கள் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு விட்டமுள்ள மெத்தனால் துளிகள் மீது இரு லேசர் துடிப்புகள் அடுத்தடுத்துச் செலுத்தப்பட்டன. முதல் துடிப்பு துளியின் வடிவை மாற்றிக் குழிவுறச் செய்தது. இரண்டாம் துடிப்பு அக்குழிவில் பாய்ந்து, எலெக்ட்ரான்களைப் பத்து இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட் அளவிலான ஆற்றலுடன் இரு திசைகளில் கற்றைகளாக வெளியேற்றியது. வழக்கமாக இதற்குத் தேவைப்படும் லேசர் வலிமையில் நூற்றில் ஒரு பங்கே இங்குப் போதுமானதாயிற்று. வினாடிக்கு ஆயிரம் முறை இதனை நிகழ்த்தவும் முடிந்தது. அல்-ஃபாரிசியின் கண்ணாடிக் கோளத் துளிக்கும் இந்த மெத்தனால் துளிக்கும் இடையே எழுநூறு ஆண்டுகள் உள்ளன. எனினும், பெரியதொன்றை அறியச் சிறியதொன்றைக் கூர்ந்து நோக்கும் பண்பு இரண்டிற்கும் பொதுவானது.

மருந்தாகும் நாள்

இவற்றால் மக்களுக்கு வரும் பயன் யாது? முதன்மையானது மருத்துவம். புற்றுக்கட்டியை அழிக்கப் பயன்படும் எக்ஸ் கதிர், கட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள நல்ல திசுக்களையும் ஊறு செய்கிறது. புரோட்டானோ உடலினுள் ஒரு குறிப்பிட்ட ஆழம்வரை சென்று, நிற்கும் இடத்தில்தான் தன் ஆற்றலின் பெரும்பகுதியைச் சொரிகிறது, அதற்கப்பால் செல்வதில்லை. ஆழத்தைத் தீர்மானிப்பது அதற்கு நாம் தந்த ஆற்றலின் அளவே. தெற்காசியாவின் முதல் புரோட்டான் மருத்துவ மையம் 2019ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை தரமணியில் திறக்கப்பட்டது. இத்தகைய மையத்திற்குப் பெரிய முடுக்கியும், கற்றையை நோயாளியைச் சுற்றித் திருப்பும் பல மாடி உயரச் சட்டகமும், கனத்த சுவர்களும் வேண்டும். ஆகவே செலவு மிகுதி. மையங்களோ மிகச் சில.

லேசரால் புரோட்டான்களை முடுக்க முடியும் என்பது 2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் தெளிவாயிற்று. அங்கு எட்டிய ஆற்றல் 5.8 கோடி எலெக்ட்ரான் வோல்ட். உடலின் ஆழத்திலுள்ள கட்டிகளுக்கு இருபது கோடிக்கு மேல் வேண்டும். 2022ஆம் ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் லேசர் தந்த புரோட்டான்களால் சுண்டெலிகளின் கட்டிகளுக்குக் கதிர் செலுத்திக் காட்டினர். அதே ஆய்வகத்தார் 2024ஆம் ஆண்டு 15 கோடி எலெக்ட்ரான் வோல்ட் எய்தியதாக அறிவித்தனர். ஷாங்காய் ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டு, லேசர் முடுக்கிய எலெக்ட்ரான்களைக் கொண்டே கண்ணுக்குப் புலனாகாத குறு அலைநீள லேசர் ஒளியைப் பிறப்பித்தனர். அத்தகைய ஒளி மூலங்கள் சிறுத்து மலிவாகுமாயின், பழம்பொருள்களை உடைக்காமலே அவற்றின் உட்பொருளை அறியவும் அவை உதவும். 2022ஆம் ஆண்டு முதல் வெம்பக்கோட்டை அகழாய்வில் வெளிவந்த கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் போன்றவை அத்தகைய சோதனைக்கு உகந்தவையே.

எனினும் மிகைபடக் கூறுதல் அறிவுக்கு அழகன்று. பெல்லா லேசர் வினாடிக்கு ஒரு முறையே துடிக்கிறது. மருத்துவமனைக் கருவியோ வினாடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகள் தருகிறது. ஒரு துடிப்பில் கிடைத்த கற்றை அடுத்த துடிப்பிலும் மாறாது கிடைக்கும் என்னும் உறுதி இன்னும் முழுமையாகக் கைவரவில்லை. லேசர் உண்ணும் மின்சாரத்தில் மிகச் சிறு பகுதியே ஒளியாக வெளிவருகிறது. நோயாளியின் உடலில் செலுத்தும் கற்றையில் பிழைக்கு இடமில்லை. ஆகவே, பெருமுடுக்கிகளை இவை நாளையே அகற்றிவிடும் எனக் கருதலாகாது. அன்றியும், லிவர்மோர் ஆய்வகம் அணு ஆயுத ஆய்வுக்குரியது என்பதை மறப்பதற்கில்லை. இந்த மருந்துக்கும் இரு முகங்கள் உண்டு.

இஃதிபார்

புதிய கண்டுபிடிப்பு ஒன்று வெளியாகும்போதெல்லாம், அது நம் வேதத்தில் முன்னரே கூறப்பட்டுள்ளது என எழுத விரையும் போக்கு நம்மிடையே உண்டு. இறைமறை நேர்வழி காட்ட அருளப்பட்டது; லேசரின் அளவுகளை அதில் தேடுவது மறைக்கும் பெருமை சேர்க்காது, அறிவியலுக்கும் துணை செய்யாது. நம் முன்னோர் அவ்வாறு செய்யவும் இல்லை. இப்னுல் ஹைதம் தம் சோதனைகளைக் குறிக்க ஆண்ட சொல் 'இஃதிபார்' என்பதாகும். இதே வேர்ச்சொல் படிப்பினை பெறுதல் என்னும் பொருளில் திருக்குர்ஆனில் இடம்பெறுகிறது. ஒன்றைக் கண்டு, அதனைக் கடந்து, அதன் உள்ளே நிற்கும் உண்மைக்குச் செல்வதே இச்சொல்லின் கருத்து. இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியைப் புகவிட்டு அளந்தவரும், விபத்து ஒன்றிலிருந்து பாடம் கற்று அடுத்த விபத்தைத் தடுப்பவரும் செய்வது ஒரே இஃதிபார்தான்.

ஆகவே இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஆற்றலைச் சேர்ப்பது எளிது. அதற்கு அளவும் நேரமும் வழியும் அமைப்பதே அறிவின் பணி. ஒரு கிராம் மருந்தில் உள்ளதைவிடக் குறைந்த ஆற்றலைக் கொண்டு அறிஞர்கள் பெருமுடுக்கிகளின் செயலைச் செய்து காட்டியுள்ளனர். அதே மருந்தை அளவும் வழியுமின்றிக் குவித்து வைத்த இடங்களில் ஏழைத் தொழிலாளர்கள் உயிர் துறந்துள்ளனர். இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும் கடமை இம்மண்ணின் கல்வியாளர்களுக்கு உண்டு. கருமருந்தின் கலவையும் அளவும் கைவழியே அறிந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வேதியியலும் இயற்பியலும் பயில்கின்றனர். அவர்களுள் சிலர் இந்தூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஆய்வாளராகச் செல்ல வேண்டும். வேறு சிலர் ஊரிலேயே தங்கி, ஆலைகளின் பாதுகாப்பை அறிவியல் நெறியில் அமைக்க வேண்டும். அரபுக் கல்லூரி மாணவரும் இப்னுல் ஹைதமின் பெயரை மட்டும் போற்றுவதோடு அமையாது, அவர் செய்த சோதனைகளைத் தம் கையால் செய்து பார்க்க வேண்டும். அதற்கு ஓர் இருட்டறையும் ஒரு கண்ணாடிக் குவளை நீரும் ஒரு விளக்கும் போதும். பயனுள்ள அறிவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருளுமாறு வல்ல இறைவனை வேண்டுவோம்.